பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள தம்பிக்கு,

அரையாண்டு லீவுக்கு எல்லோரும் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு வருகிறீர்கள் என்று அம்மா சொன்னதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். கூடவே நீ சொன்ன இன்னொன்றையும் சொன்னாள். வெளியே போகிற நாளில் பாப்பா பாட்டியோடு வீட்டில் இருக்கட்டும், சின்னவனை மட்டும் கூட்டிப் போனால் போதும் என்றாயாம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான், பேரைச் சொல்லாமல், பொதுவில் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குப் பேச வராது, ஆனால் எல்லாம் புரியும். அதை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? சின்னவன் சாயங்காலம் வந்து தான் பார்த்ததையெல்லாம் கதை கதையாகச் சொல்லும்போது அவள் தலையைத் திருப்பிக்கொள்வதை நீயும் பார்த்திருப்பாய். அவளுக்காகத்தான் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். சின்னவன் எங்கே விட்டாலும் ஓடி விளையாடுவான்.

மலம்புழாவுக்கு ஆசைப்படுகிறாய், தெரியும். ரோப்வேயும் அணையின் மேல் நடப்பதும் இந்த முறை வேண்டாம். படியேற வேண்டிய இடத்தில் அவளை ஒருவர் காவலோடு கீழே நிறுத்திவிட்டு மற்றவர்கள் மேலே போனால், அவளைக் கூட்டிப் போயும் பயனில்லை. தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யட்சி சிலை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தே அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அங்கே கூட்டம் நெரியும். அதனால் தோட்டத்தை ஜனவரி வார நாளுக்கு வைத்துக்கொள்வோம். பரம்பிக்குளமும் இப்போதைக்கு வேண்டாம். சேத்துமடை வழியாகச் சுற்றிப் போய், காட்டு வண்டியில் ஏற்றி இறக்கி, அவளுக்கு உடம்பு நோகும்.

என் மனதில் இருப்பது பாலக்காட்டுக் கோட்டை. 1766இல் ஹைதர் அலி கட்டியது. உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை. அகழியைச் சுற்றி ஊர்க்காரர்கள் காலையும் மாலையும் நடக்கிற பாதை இருக்கிறது, பக்கத்திலேயே பூங்கா. தண்ணீர், கருங்கல் சுவர், மரம், ஆட்கள் எல்லாம் அவள் கண் உயரத்திலேயே கிடைக்கும். நீங்கள் வருவதற்கு முந்தின வாரம் போய், எந்த வாசலில் படி, எங்கே தரை பெயர்ந்திருக்கிறது என்று பார்த்து உனக்குப் படம் அனுப்புகிறேன். 'ரேம்ப் இருக்கா?' என்று போனில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஓர் அடி ஏற 12 அடி நீளமாவது சரிவு இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது நாற்காலி இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம், கழிவறை. பலர் பிள்ளையை வீட்டில் விட்டுப் போவதற்கு உண்மையான காரணம் இதுதான். அதை வெளியே சொல்லக் கூசுகிறோம். பதினொரு வயதுப் பெண்ணைப் படுக்கவைத்து டயப்பர் மாற்ற இடம் வேண்டும். பொதுக் கழிவறைத் தரையில் அதைச் செய்ய உன் மனைவிக்கு மனம் வராது, வரவும் கூடாது. கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நம் சித்தி வீடு. முன்னறை தரைமட்டம், கட்டிலும் இருக்கிறது. சித்தியிடம் பேசிவிட்டேன். பத்து மணிக்குள் சுற்றிவிட்டு அங்கே போவோம். அவளை மாற்றி, சோறு குழைத்து ஊட்டி, ஒரு மணி நேரம் படுக்கவைப்போம். சாயங்காலம் மறுபடி கிளம்பலாம்.

எங்கள் ஊர் மார்கழிக் காற்றை மறந்திருப்பாய். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. கிழக்கிலிருந்து வரும் காற்று முழுதும் அந்த வழியாகத்தான் புகும். நடக்கிற பிள்ளைக்கு நடையிலேயே சூடு வந்துவிடும். உட்கார்ந்தே இருப்பவளுக்குக் கை கால் சீக்கிரம் சில்லிட்டுப்போகும், குளிர்கிறது என்று அவளால் சொல்லவும் முடியாது. சாக்ஸ், காது மூடும் தொப்பி, மடியில் ஒரு போர்வை, இவ்வளவு போதும். அவ்வப்போது பாதத்தைத் தொட்டுப் பார். பதினொரு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், அப்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். அரை மணிக்கு ஒருமுறை உட்காரும் நிலையை மாற்றிவிடவும் மறக்காதே. வலிப்பு மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும். சபரிமலை சீசனில் தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாரில் வண்டிகள் தேங்கும்.

எங்காவது வழி இல்லையென்றால் கேட்கத் தயங்காதே. யாரிடமும் சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவளுக்காகவும்தான். எல்லோரும் வந்துபோக வசதி செய்யும் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சென்னை மெரினாவில் 2022இல் சக்கர நாற்காலி போகக் கடல் பக்கம்வரை மரப்பாதை போட முடிந்ததென்றால், ஒரு பூங்கா வாசலில் இரண்டு படியைச் சரிவாக்குவது பெரிய காரியமில்லை.

யாராவது 'அய்யோ பாவம்' என்று நின்று பார்ப்பார்கள் என்று உன் மனைவி பயப்படுகிறாள். பார்ப்பார்கள்தான். நான் கூட இருக்கிறேன், பேசிக்கொள்கிறேன்.

சரி, இப்போது எனக்கு இரண்டு விஷயம் சொல். எந்தத் தேதியில் வருகிறீர்கள்? நாற்காலியை மடித்தால் உன் கார் டிக்கியில் அடங்குமா? அடங்காதென்றால் இங்கே பெரிய வண்டி சொல்லிவைக்க வேண்டும், லீவு நாளில் சுலபமாகக் கிடைக்காது.

அன்புடன்,
அக்கா