225 பேரும் வேண்டாம் என்கிற தம்பிக்கு

பெய்ரூட்
2022 ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பண்டாரவளைப் பிள்ளை ஒருத்தியின் கையில் கொடுத்து விடுகிறேன், அடுத்த கிழமை ஊருக்கு வருகிறாள். போனில் பேசலாம்தான். ஆனால் இங்கே கரண்ட் இருக்கும்போது அங்கே இல்லை, அங்கே வரும்போது இங்கே ஜெனரேட்டரை நிறுத்திவிடுகிறான். பேச ஆரம்பித்தால் கேஸ் கியூ, பால்மா விலை என்று போய், நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

நீ கேட்டது நினைவிருக்கிறது. "பாராளுமன்றத்தில் இருக்கிற 225 பேரும் வேண்டாம் என்று கத்துகிறோம், சரி. நாங்களே ஒன்றாகத் தேர்தலில் நின்றால் என்ன? உங்கள் லெபனானில் அப்படி நின்றார்களாமே, என்ன ஆச்சு?" கடையைப் பூட்டிவிட்டுக் காலிமுகத்திடல் ஆர்ப்பாட்டத்துக்குப் போவது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன மாதம் 9ஆம் திகதி அங்கே குண்டர்களை இறக்கி அடித்ததை டிவியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. அதை அம்மா உனக்குச் சொல்ல மாட்டாள், எனக்குத்தான் சொல்வாள். சரி, கேட்டதற்கு வருகிறேன்.

இந்த நாடு நம் நாட்டில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்குள் சட்டப்படி 18 மதப்பிரிவுகள். ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம், இது மாறாத வழக்கம். பாராளுமன்றத்தில் 128 பேர், சரிபாதி கிறிஸ்தவர், சரிபாதி முஸ்லிம். ட்ரூஸ் பிரிவையும் முஸ்லிம் பக்கத்தில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1932க்குப் பிறகு சனத்தொகைக் கணக்கே எடுக்கவில்லை. எடுத்தால் சண்டை வருமாம். 1975 முதல் 1990 வரை நடந்த சண்டையில், அடையாள அட்டையில் எழுதியிருந்த மதத்தைப் பார்த்து ரோட்டிலேயே இறக்கிக் கொன்றிருக்கிறார்கள். 83இல் பதுளையில் பெரியப்பாவின் கடை எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சண்டை முடிந்ததும் 1991இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர்கள் கோட் போட்டுக்கொண்டு மந்திரிகளானார்கள். பலர் இன்னும் இருக்கிறார்கள். சபாநாயகர் நபீஹ் பெர்ரி 1992இலிருந்து அதே நாற்காலியில் இருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலிருந்து என்று வைத்துக்கொள்.

ஆரம்பத்தில் இங்கே எல்லாருக்கும் மதவெறி என்றுதான் நான் நினைத்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தால் விஷயம் வேறு. எங்கள் மாடியில் ஒரு ஷியா குடும்பம், கீழே ஆர்மீனியக் கிழவர், நான் வேலை செய்கிற இந்த வீட்டு மேடம் ஆர்தோடொக்ஸ் கிறிஸ்தவர். ரமழானுக்குத் தட்டு வரும், ஈஸ்டருக்குத் தட்டு போகும், பிரச்சினை ஒன்றுமில்லை. பிரச்சினை ஆஸ்பத்திரியில் கட்டில் தேடும்போதுதான் வருகிறது. அரசாங்க வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடக் காசு, பொலிஸில் மாட்டியவனை வெளியே எடுப்பது, எதற்கும் உன் பிரிவுத் தலைவரின் ஆள் ஒரு போன் போட வேண்டும். நம் தோட்டத்தில் கூரைத் தகரம் வேண்டுமென்றால் சங்கத் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்போமே, அதே கதைதான். அப்படி வாங்கியவன் தேர்தல் அன்று எப்படி மாற்றிப் போடுவான்?

2015 ஜூலையில் பெய்ரூட் குப்பையைக் கொட்டிவந்த நாமே என்ற இடத்தை மூடிவிட்டார்கள், வேறு இடம் பார்க்காமலே. மேடத்தின் வீட்டுத் தெருவில் பைகள் முதல் மாடி பால்கனி உயரத்துக்கு ஏறின. மேலே வெள்ளைச் சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுப் போவார்கள், அடியில் கறுப்புத் தண்ணீர் ஓடும். அந்த நாற்றத்தில் மதப் பிரிவு பார்க்க முடியவில்லை. பல பிரிவுப் பிள்ளைகளும் சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். மேடத்தின் மகளும் போனாள்.

அதற்கடுத்த வருஷம் மே மாதம் பெய்ரூட் மாநகரசபைத் தேர்தல். அப்போது சிலர் சேர்ந்து 'பெய்ரூட் மதீனத்தி' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். 24 இடத்துக்கு 24 பேர். பாதி ஆண், பாதி பெண். பாதி முஸ்லிம், பாதி கிறிஸ்தவர். இப்ராஹிம் ம்னைம்னே என்கிற கட்டடக்கலைஞர் தலைமை. குப்பை, நடைபாதை, கடற்கரை, பஸ் என்று மட்டும் பேசினார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துண்டுப் பிரசுரம் மடிப்பார்கள், நானும் மடித்துக் கொடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்குப் பயந்து, டிவியில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிற கட்சிகள் முன்னாள் பிரதமர் ஹரிரி தலைமையில் ஒரே பட்டியலில் கைகோத்துக்கொண்டன. மதீனத்திக்கு 40 சதவீதம் வரை ஓட்டு விழுந்தும் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதிகம் எடுத்த பட்டியல் 24ஐயும் வாரிக்கொண்டு போனது.

இதைவிட வேடிக்கை, அத்தனை நாள் உழைத்த மகளுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது. பிறந்து வளர்ந்தது பெய்ரூட்டில்தான், ஆனால் இங்கே பதிவு அப்பா வழி ஊரில் இருக்கும். கல்யாணம் ஆனால் பெண்ணின் பதிவு புருஷன் ஊருக்குப் போய்விடும். ஒருவன் எத்தனை வருஷம் ஒரு தெருவில் குப்பையை மோந்துகொண்டு வாழ்ந்தாலும் அந்தத் தெருவைப் பற்றி ஓட்டுப் போட முடியாது, தாத்தாவின் ஊரில் தன் பிரிவு ஆட்களோடுதான் போட வேண்டும். கட்சிகள் இதை மாற்ற ஏன் விடும்? நம் தாத்தா 1948 சட்டத்தில் பிரஜாவுரிமை போய், கடைசிவரை ஒரு ஓட்டுகூடப் போடாமல் செத்தார். ஓட்டைப் பறிக்க இப்படியும் ஒரு வழி இருப்பதை இங்கே வந்துதான் பார்த்தேன்.

2018 பாராளுமன்றத் தேர்தல் புதுச் சட்டப்படி, விகிதாசார முறையில் நடந்தது. 'குல்லுனா வதனி' என்று பல சின்னக் குழுக்கள் சேர்ந்து 66 பேரை நிறுத்தின. ஜெயித்தது டிவியில் இருந்த போலா யாகூபியான் மட்டும். அடுத்த வருஷம் ஒக்டோபர் 17இல் வாட்ஸ்அப் அழைப்புக்கும் வரி என்றார்கள், நாடே தெருவுக்கு வந்தது. "எல்லாரும் என்றால் எல்லாரும்தான்" என்று கத்தினார்கள். உன் 225 மாதிரியேதான், தங்கள் பிரிவுத் தலைவரையும் சேர்த்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்கே திரிப்போலியிலிருந்து தெற்கே தீர் நகரம் வரை 170 கிலோமீட்டருக்குக் கைகோத்து நின்றார்கள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன், லீவு கிடைக்கவில்லை. அப்புறம் வங்கிகள் கதவைச் சாத்தின, லிரா விழுந்தது, 2020 ஓகஸ்ட் 4 துறைமுகம் வெடித்தது. அதைப் பற்றி அப்போதே எழுதிவிட்டேன், இனி வேண்டாம்.

போன மாதம் 15ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். மேடத்தின் ஊர் தெற்கே மர்ஜயூன் பக்கம். போக வர பெட்ரோல் வேண்டும், 20 லீட்டர் 5 லட்சம் லிராவுக்கு மேல். அதைக் கேட்டே பலர் போகவில்லை. ஆனால் மேடம் விடவில்லை. வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடி, லிஃப்ட் கிடையாது, மேடத்தால் ஒரு படி ஏற முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் மகளும் தூக்கப் பார்த்தோம். உடனே கட்சி ரீஷேர்ட் போட்ட பையன்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள். "அம்மா, நாங்கள் இருக்கிறோம்" என்று அலுங்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே இறக்கும்போது ஒருவன் குனிந்து தன் பட்டியலின் பெயரை மெதுவாகச் சொன்னான். மேடம் அவன் கன்னத்தைத் தட்டி, "கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும் மகனே" என்றார். உள்ளே போய் எதிர்ப் பட்டியலுக்குக் குத்தினார். கீழே இறங்கவும் அதே பையன்கள்தான் தூக்கினார்கள்! விரலில் மையோடு காரில் ஏறியதும் மேடம் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். மகள் சிரிக்கவில்லை. "அவர்களிடம் ஆஸ்பத்திரி இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, நாற்காலி தூக்க ஆள் இருக்கிறது. எங்களிடம் துண்டுப் பிரசுரம்தான் இருக்கிறது" என்றாள்.

ஆனாலும் அந்தத் தொகுதியில் அந்த எதிர்ப் பட்டியல்காரர்கள் 11 இடத்தில் 2 இடம் பிடித்துவிட்டார்கள். ஷியா கட்சிகளான ஹிஸ்புல்லாவும் அமலும் அசைக்க முடியாதபடி இருக்கிற இடம் அது. எலியாஸ் ஜராதே என்கிற கண் டாக்டர், ஃபிராஸ் ஹம்தான் என்கிற வக்கீல். வக்கீல் 2020இல் ஆர்ப்பாட்டத்தில் நெஞ்சில் அடிபட்டவர். தோற்றவர்களில் ஒருவர் பெரிய வங்கிக்காரர். எப்படி முடிந்தது தெரியுமா? அங்கே ஒக்டோபர் போராட்டக்காரர்கள், கம்யூனிஸ்டுகள் உட்பட, சண்டை பிடிக்காமல் ஒரே பட்டியலாக நின்றார்கள். வடக்கே திரிப்போலி பக்கம் ஒரே தொகுதியில் 11 பட்டியல்கள். ஒரு இடத்துக்குத் தேவையான அளவை ஒரு பட்டியல் தாண்டாவிட்டால் அதற்கு விழுந்த ஓட்டெல்லாம் வீண். அங்கே மாற்றம் கேட்டு நின்றவர்களில் ஒரு பல் டாக்டர்தான் தேறினார்.

நாடு முழுக்க இப்படி மாற்றம் கேட்டு நின்றவர்களில் மொத்தம் 13 பேர் உள்ளே போயிருக்கிறார்கள். 2016இல் தோற்ற ம்னைம்னேயும் அதில் ஒருவர். ஹரிரி அரசியலை விட்டு ஒதுங்கியது அவருக்கு உதவியது, அதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் ஓட்டும் உதவியது. சுமார் ஒரு லட்சத்து 40 ஆயிரம் பேர் அந்தந்த நாட்டிலிருந்தே போட்டார்கள். அவர்களுக்குத் தலைவரின் போன் தேவையில்லையே, பயமில்லாமல் போட்டார்கள். நாமும்தான் மாதாமாதம் காசு அனுப்புகிறோம், நம் நாட்டுச் சட்டத்தில் நமக்கு இங்கிருந்து ஓட்டு உண்டா? திடலில் மைக் கிடைத்தால் இதைக் கேள்.

செவ்வாய்க்கிழமை முதல் கூட்டம். 13 பேரும் வெடிப்பில் செத்தவர்களின் குடும்பங்களோடு துறைமுகத்திலிருந்து பாராளுமன்றத்துக்கு நடந்தே போனார்கள். உள்ளே சபாநாயகர் தேர்வு. சிலர் சீட்டில் பெயர் எழுதாமல் துறைமுகத்தில் செத்தவர்களுக்கு நீதி என்றும் இன்னும் பலதும் எழுதிப் போட்டார்கள், அதெல்லாம் செல்லாத ஓட்டு. பெர்ரி 65 ஓட்டு எடுத்து ஏழாவது தடவையாக உட்கார்ந்தார். மகள் டிவியை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள், அது என் வேலை என்று சொல்லியும் கேட்கவில்லை.

என் மனதில் பட்டதையும் சொல்கிறேன். அவர்கள் 13 பேருக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. ஹிஸ்புல்லாவின் ஆயுதத்தை என்ன செய்வது, வங்கி நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது, இரண்டிலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். மதம் பார்க்காமல் சேர்ந்தார்கள், அது பெரிய காரியம்தான். ஆனால் எதை வேண்டாம் என்பதில்தான் சேர்ந்தார்கள், எது வேண்டும் என்பதைப் பேசி முடிக்கவில்லை. இன்னொன்று. எல்லாருக்குமான நாடு என்கிறார்களே, அந்த எல்லாருக்குள் நாங்கள் இல்லை. வீட்டு வேலைக்காரர்களுக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது, கஃபாலா முறையில் முதலாளி சொல்வதுதான் சட்டம். நான் முதலில் இருந்த வீட்டில் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். இதை மகளிடம் சொன்னேன். "சொல்கிறோம், ஆனால் அதற்கு ஓட்டு விழாது" என்றாள். பொய் சொல்லாமல் இருந்தாளே, அதுவரை சரி.

அதனால் நீங்கள் நிற்பதாக இருந்தால் நில்லுங்கள். ஆனால் இப்போதே, கூடாரத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கும்போதே, பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். தமிழருக்கு என்ன, முஸ்லிமுக்கு என்ன, தோட்டத்தில் சம்பளத்துக்கு என்ன என்று. ஜனாதிபதி கோட்டாவை அனுப்பியபின் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்புறம் நாலு பட்டியலாகப் பிரிந்து நிற்காதீர்கள். ஊருக்குப் போகும்போது, தலைவர் வீட்டுக்குப் போகாமல் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்க ஒரு வழி இருக்கிறதா என்று பார். ஹட்டனில் உங்களுக்கு ஓட்டுக் கிடைக்குமா கிடைக்காதா என்பது அதில்தான் இருக்கிறது.

பண்டாரவளைப் பிள்ளையிடம் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, சின்னதுகளுக்குப் பால்மா இரண்டு பை, கொஞ்சம் டொலர் கொடுத்திருக்கிறேன். டொலரை வங்கியில் போடாதே, மாற்றவும் அவசரப்படாதே. அவள் வந்ததும் கட்டுநாயக்காவுக்கு நீயே போய் வாங்கு, கடைப் பையனை அனுப்பாதே. திடலில் இரவு தங்காதே என்றால் கேட்க மாட்டாய், போனையாவது சார்ஜ் போட்டு வை.

அன்புடன்
அக்கா