ஒன்றரை அங்குல உள்மடிப்பு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகனுக்கு,

நீ கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. மார்கழி விடுமுறைக்கு வரும்போது மூன்று களிசானும் நாலு சேட்டும் தைத்து ஆயத்தமாக இருக்க வேண்டும், துணியை நான் பார்த்து எடுத்தாற் போதும், அளவு நம் தையல்கார நானாவின் புத்தகத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நானா கடையை மூடிவிட்டார். ஓகஸ்ட் கடைசியில் இரண்டு மெஷின்களையும் விற்றார். வெட்டும் மேசையைக் கேட்பார் இல்லாமல், பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் மரக்கறி வெட்டுவதற்கென்று எடுத்துக்கொண்டு போனார்.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது "வாடகை கூடிவிட்டதா அப்பா?" என்று நீ கேட்டாய். நானும் "ஓம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது பொய் இல்லை என்றாலும், புறக்கோட்டைப் பிரதான வீதியில் ஆண்களுக்கான துணியும் தையலுமாக நடந்த ஒரு கடையில் 31 வருடம் கணக்கு எழுதியவன் ஒரு சொல்லோடு தப்பித்துக்கொண்டது பிறகு மனத்தை உறுத்தியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

1972இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கடையில் கீழே துணித்தட்டுகளும் மேலே ஏழு சிங்கர் மெஷின்களும் இருந்தன. (சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்ததே தையல் மெஷின் விற்கத்தான். இன்றைய பிள்ளைகளுக்குச் சிங்கர் என்றால் குளிர்சாதனப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.) கந்தோர்க் கிளாக்கர்மாரும், புதுக்கடை நீதிமன்றங்களிலிருந்து சட்டத்தரணிகளும், தீபாவளிக்கு முன் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருபவர்களும், மாப்பிள்ளை கோட்டுக்காகத் தகப்பனோடும் மாமனோடும் வந்து வாய் திறக்காமல் நிற்கும் இளைஞர்களும் அந்த மரப்படியில் ஏறினார்கள்.

மேலே கட்டர் மாஸ்டர் அளவு எடுப்பதைப் பார்க்க எனக்குச் சலித்ததே இல்லை. நாடாவைக் கண்டதும் மனிதர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இடுப்பளவை முதலில் எடுக்க மாட்டார். தோள், கை, மார்பு என்று தொடங்கி, ஊர்ப் புதினம் கேட்டு, ஆள் தன்னை மறந்து பதில் சொல்லத் தொடங்கிய பிறகே நாடா இடுப்புக்கு இறங்கும். எண்களை அவர் உரக்கச் சொல்ல ஒரு பையன் எழுதுவான். ஆனால் ஒரு தோள் தாழ்ந்திருப்பது, முதுகு சற்றுக் கூனியிருப்பது போன்றவற்றை வாயால் சொல்லாமல், பிறகு தாமே ஒரு சிறு குறியாகப் புத்தகத்தில் இடுவார். தன் உடம்பில் இருந்த கோணல் கோட்டில் எங்கே போயிற்று என்று வாடிக்கையாளர் அறியவே மாட்டார்.

களிசானின் பின்தையலில், இடுப்போரம், ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே மடித்து விட வேண்டும் என்பது அந்த மேசையின் கட்டளை. கலியாணம் முடிந்து இரண்டு வருடத்தில் மாப்பிள்ளை அதே களிசானோடு திரும்பி வருவார், தையலைப் பிரித்து அரை அங்குலம் விடுவார்கள், கூலி வாங்க மாட்டார்கள், அவரும் வெறுங்கையோடு இறங்காமல் கீழே ஒரு சேட்டுத் துணி எடுப்பார். அந்த ஒன்றரை அங்குலத்தை நான் எந்தப் பேரேட்டிலும் எழுதியதில்லை, ஆனால் கடையின் வரவில் பாதி அதிலிருந்துதான் வந்தது. இன்று நீ அங்கே வாங்கும் ஆயத்தக் களிசானைப் புரட்டிப் பார். ஓவர்லொக் அடித்த ஓரத்தில் பெரும்பாலும் அரை அங்குலம்கூட இராது. ஆயிரக்கணக்கில் வெட்டும் இடத்தில் உள்ளே மறையும் துணி வீண் செலவு, அவ்வளவுதான். நீ பருத்தால் அது உன் பாடு.

அரசின் சலுசல துணி விற்பனை நிலையங்களில் சனம் வரிசையில் நின்று துணி வாங்கிய எழுபதுகளில் எங்கள் தட்டுகளில் துல்கிரிய, பூகொடை ஆலைத் துணிகளைத் தவிர அதிகம் இருக்கவில்லை. துணி கிடைக்காத அந்தக் காலத்தில்தானா முழங்காலுக்குக் கீழே கொடியைப் போல விரியும் பெல்பொட்டம் நாகரிகமாக வரவேண்டும் என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். 1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியத் துணியும் இந்தியச் சூட்டிங் துணியும் வந்து குவிந்தன. இறக்குமதி எங்களைக் கொன்றது என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 1978க்கும் 1983க்கும் இடைப்பட்ட வருடங்களைப் போல எங்களுக்கு வேலை எப்போதுமே இருந்ததில்லை.

1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி உனக்கு வீட்டில் சொல்லியிருக்கிறோம். கடையில் என்ன எரிந்தது என்று சொன்னேனோ தெரியாது. எங்கள் துணியோடு, வெட்டி வைத்திருந்த மற்றவர்களின் துணியும், 11 அளவுப் புத்தகங்களும் எரிந்தன. முதலாளி மூன்று மாதம் தமிழ்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அதே வீதியில் திரும்பி வராதவர்கள் பலர். மீண்டும் திறந்தபோது மெஷின் ஏழு நாலாயிற்று. மாஸ்டரும் வரவில்லை. அவரிடம் வெட்டுப் பழகியிருந்த நானாதான் மேசைக்கு நின்றார், 1986இல் வெள்ளவத்தையில் தனிக்கடை போடும் வரைக்கும். உன் முதல் பாடசாலைக் களிசானிலிருந்து நீ கண்டது அந்தக் கடையைத்தான்.

அடுத்தது நான் வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டியது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் பிரேமதாச அரசு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும், சிறு பிழைக்காகத் தள்ளப்பட்டதும், வெளிநாட்டுப் பெயர்ச்சீட்டு வெட்டப்பட்டு நடைபாதைக்கும் கடைகளுக்கும் வந்தன. ஒரு சேட்டின் முழு விலையே எங்கள் தையற்கூலியைவிடக் குறைவாக இருந்தது. 1994 தீபாவளிக்கு உனக்கு நான் வாங்கியது அப்படி ஒரு நீலக் கோட்டுச் சேட். பத்திரிகைத் தாளில் சுற்றி, தையற்கடையில் வேலை செய்பவன் என்ற கூச்சத்தோடு கொண்டு வந்தேன். பண்டிகையன்று நீ அதைப் போட்டுக்கொண்டு நானாவின் கடைக்கே பலகாரத் தட்டோடு போய் நின்றாய். அவர் உன்னைத் திருப்பி நிறுத்தி, கொலர் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று மெச்சினாராம். தொழில் தெரிந்தவர் நல்ல தையலைப் பழிக்க மாட்டார். ஆனால் நான் ஒரு மாதம் அந்தத் தெருவால் போகவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. என் பேரேட்டுக்குள் இருந்ததையும் சொல்ல வேண்டும். தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை தோறும் துண்டுக்கணக்கில் கூலி கொடுத்தோம்: களிசானுக்கு இவ்வளவு, சேட்டுக்கு இவ்வளவு. நான் அதைச் சம்பளம் என்று எழுதாமல், 'தையற்கூலி' என்று வெளிச்செலவாக எழுதினேன். சம்பளம் என்று எழுதினால் ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். இன்றைய வீதப்படி ஊழியரிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12, நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. துண்டுக்கணக்கில் வேலை செய்பவரையும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கவில்லை என்று எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். வீதி முழுவதும் அப்படித்தான் நடக்கிறது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். எனக்கு மட்டும் மாதம் தவறாமல் கட்டப்பட்டது. 2007இல் 55 வயது நிறைந்து அந்தப் பணம் கைக்கு வந்தபோதுதான் உன்னைக் கனடாவுக்கு அனுப்ப முடிந்தது. என் மேசைக்கு மேலே, அதே கூரையின் கீழ், எங்கள் கடையில் மட்டும் 14 வருடம் மெஷினை மிதித்த நானாவுக்கு ஒரு சதம் வரவில்லை.

அந்த மனிதர் தன் பிள்ளைகளை மெஷினில் உட்கார வைப்பாரா? மூத்தவன் கட்டாருக்குப் போனான். இளையவன் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அவனுக்குச் சேமலாப நிதி இருக்கிறது, லீவு இருக்கிறது. பையன்களைப் பழக்கிப் பார்த்தார், மூன்று மாதம் பொத்தான் துளை கட்டிவிட்டு ஓட்டோ ஓடப் போய்விட்டார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். புறக்கோட்டைக் கடை 2003இல் மூடப்பட்டபோது தையல்காரர்களில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் எவரும் இருக்கவில்லை. ஆள் வரவில்லை என்பதை முதலாளி விதி என்றார். அதற்கான காரணம் என் கையெழுத்திலேயே இருந்தது.

பிற்பாடு வந்தவற்றை நீயே அறிவாய். 2019 நவம்பரில் காலிமுகத்திடலில் வன் கோல் ஃபேஸ் என்ற பெரிய கடைத்தொகுதி திறந்தது. சில மாதத்தில் ஊரடங்கு வந்து, கலியாணங்களும் கந்தோர்களும் நின்றன. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது. கொலருக்குள் வைக்கும் பக்ரம், சிப், நூல் எல்லாம் இறக்குமதி. அந்த மார்ச் முடிவில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாத நாட்களில் நானா பழைய மிதிமெஷினில் தைத்தார், ஆனால் அயன் போட வழியில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. பதிவு செய்யுமளவு வருமானம் இல்லாத அவர் அதை யாரிடமும் அறவிடவில்லை, வாங்கிய துணியிலும் நூலிலும் கட்டினார்.

எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதே. 1993 முதல் அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுக்கிறது. துணியாகக் கொடுக்கும் வருடங்களில் ஜனவரி மாதத் தையல் வேலைக்குக் குறைவில்லை. சட்டத்தரணிகளுக்குக் கறுப்புக் கோட் இன்றும் வேண்டும். மாப்பிள்ளைமார்தான் வாடகைக் கோட்டுக்கு மாறிவிட்டார்கள். மற்றபடி, வாங்கிய களிசானின் காலைக் குறுக்கிக் கொடுக்கும் வேலைதான் அதிகம். ஹவ்லொக் வீதியில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை நின்ற காணியில் ஹவ்லொக் சிற்றி எழுந்து நிற்கிறதே, அந்த மாடிகளில் குடியிருப்பவர்கள் ஒரு மெஷினோடு சந்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அரை மணியில் காலைக் குறுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று களிசான் இந்த முறை நடக்காது. நானாவின் வீட்டுக்குப் போய் வந்தேன். கண் மங்கிவிட்டது, ஆனால் கத்தரிக்கோலையும் அளவுப் புத்தகத்தையும் வைத்திருக்கிறார். ஒரு களிசானும் ஒரு சேட்டும் வெட்டித் தருவதாகச் சொன்னார். தைப்பதற்கு கொட்டாஞ்சேனையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். கூலியை நான் கேட்டு, அவர் சொன்னதற்கு மேல் வைத்து முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். நீ வந்து அதைப் பற்றி அவரிடம் எதுவும் பேசாதே.

உன் கலியாணத்துக்கு அவர் தைத்த சாம்பல் நிறக் களிசானையும் எடுத்து வா. 2017இல் ஒருமுறை அரை அங்குலம் விட்டார், இன்னும் ஓர் அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் உன் பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். நீ அனுப்பிய இடுப்பளவை அவர் நம்பவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மருமகளை நாடா பிடிக்கச் சொல்லி, பேசிக்கொண்டே நின்று மறுபடி எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா