டப்ளினிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. அறை வாடகையை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள்.

"பழைய ஐரிஷ் மொழி படிச்சா எவன் சோறு போடுவான்?" என்று சித்தப்பா கேட்டாராமே. கேட்க வேண்டியதுதான். வக்கீல் குமாஸ்தாவான அவரிடம் விட்லி ஸ்டோக்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். டப்ளின்காரர், பாரிஸ்டர். 1862இல் மதராஸுக்கு வந்தார், அப்புறம் கல்கத்தா. 1877இல் வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினர். சித்தப்பா தினமும் மாரடிக்கும் சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு முந்தைய சட்டத்தை வரைந்தவர் அவர்தான். சோறு போட்டது அந்த வேலை. மிச்ச நேரமெல்லாம் பழைய ஐரிஷ். இடைக்காலத்தில் ஐரிஷ் துறவிகள் ஐரோப்பா முழுக்கப் போய், லத்தீன் புத்தகங்களின் ஓரத்திலும் வரிகளுக்கு நடுவிலும் தங்கள் மொழியில் பொடி எழுத்தில் பொருள் எழுதிவைத்தார்கள். டூரின், வியன்னா நூலகங்களில் கிடந்த அந்தக் குறிப்புகளைப் பற்றிய அவருடைய ஒரு நூல் 1866இல் அச்சானது கல்கத்தாவில்! ஊர் திரும்பிய பிறகு ஸ்ட்ராக்கன் என்ற அறிஞரோடு சேர்ந்து 1901, 1903இல் இப்படிப்பட்ட குறிப்புகளைத் திரட்டிக் கொண்டுவந்த இரண்டு தடித் தொகுதிகள் இல்லாமல் எங்கள் வகுப்பு இன்றும் நடக்காது.

இப்போது படிப்பது 'டாய்ன்' என்ற பழைய ஐரிஷ் வீரக்கதை. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் விஷயமே ஆநிரை கவர்தல். மேவ் ராணியும் கணவன் அய்லிலும் படுக்கையில் யாருக்குச் சொத்து அதிகம் என்று தர்க்கம் பண்ணுகிறார்கள். வாளி, பானையில் தொடங்கி மோதிரம், ஆடு, குதிரை, பன்றி வரை கொண்டுவந்து எண்ணுகிறார்கள். எல்லாம் சரிக்குச் சரி. ஒரு காளை மட்டும் அவனிடம் கூடுதல். அதுவும் அவள் பசு ஈன்ற கன்றுதான். பெண்ணுக்குச் சொந்தமாக இருக்க மாட்டேன் என்று அவன் மந்தைக்குப் போய்விட்டதாம்! அதற்கு ஈடாக வட அயர்லாந்துப் பகுதியான அல்ஸ்டரில் உள்ள பழுப்புக் காளையை ஒரு வருஷத்துக்கு இரவல் கேட்கிறாள். தூது போனவர்கள் குடித்துவிட்டு உளறியதால் காரியம் கெட்டுப் படையெடுப்பில் முடிகிறது. அல்ஸ்டர் வீரர்களோ ஒரு பெண்ணின் சாபத்தால் பிரசவ வலியில் சுருண்டு கிடக்கிறார்கள். எல்லையில் ஒற்றை ஆளாக நிற்பவன் கூ ஹுல்லின் என்ற பையன். கவர்ந்த ஆநிரையை மீட்கும் நம் கரந்தைத் திணை வீரனைப் போல அவன் மீட்கப் போகவில்லை, ஆற்றுத்துறையில் ஒவ்வொருவராகத் தனிச்சண்டைக்கு வரச் சொல்லி மறிக்கிறான். கரந்தைத் திணையின் உட்பிரிவுகளில் இதற்கு ஒரு துறை உண்டா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் அலமாரியில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை இருக்குமே? புறத்திணையியலில் ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சிப் பகுதியைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள் தம்பியிடம். அடுத்த மாதம் வகுப்பில் பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்