பார்த்ததை எழுதுவோம்: சக ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிந்துபோன பெற்றோர் தம் பிள்ளையை நம் கண்காணிப்பின்கீழ் பார்க்கும் சந்திப்புகளில் பணியாற்றும் சக ஊழியர்களுக்கும், வார இறுதியில் கைகொடுக்கும் தொண்டூழியர்களுக்கும்,

வணக்கம். நம் பணியாளர் குழுமத்தின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். படிப்பு, அனுபவம் எல்லாம் விண்ணப்பத்தில் இருக்கின்றன. இங்கே மறுபடி ஓதப் போவதில்லை. பொறுப்பு கிடைத்தால் எதில் கை வைப்பேன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அதற்கு முன் ஒன்று. தேர்ந்தெடுத்தாலும், சனிக்கிழமைகளில் சந்திப்பு அறையில் உட்காரும் என் முறையை நான் விடமாட்டேன். தலைமைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திப்பு அறையைவிட்டு நழுவிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். அப்புறம் அவர்கள் போடும் விதிகள் எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

முதல் வேலை, நம் குறிப்புகள். ஓர் எடுத்துக்காட்டு, யாரையும் அடையாளம் காட்டாதபடி மாற்றித் தருகிறேன். தேக்காவில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தோடு அப்பா வருகிறார். மகள் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து விளையாட்டுக் கட்டைகளை அடுக்கத் தொடங்குகிறார். சில நிமிடம் கழித்து அவள் வந்து, ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து அவர் முழங்காலில் வைக்கிறாள். அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: ‘பிள்ளை தயங்கினாள். தந்தையுடன் பிணைப்பு குறைவு.’

தயங்கினாள், சரி. பிணைப்பு குறைவு என்பது எழுதியவரின் ஊகம். அவர் கூப்பிடாமல் காத்திருந்தது எங்கே போனது? அந்தச் சிவப்புக் கட்டை எங்கே போனது? அந்தத் தாள் நீதிபதியின் மேசைவரை போகக்கூடியது. நம் குடும்பச் சட்டமான மாதர் சாசனத்தின் 125-ஆம் பிரிவு பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்ளச் சொல்கிறது. அந்த நலன் எது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கண்டதையும் கேட்டதையும், எத்தனை மணிக்கு என்பதோடு எழுதிக்கொடுத்தால் போதும்.

இது அப்பாக்களுக்கு வக்காலத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதுகாப்பு ஆணை வாங்கி, பிள்ளையோடு வீடு மாறிய தாய்மார்களும் நம் வாசலுக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட சந்திப்பில், மறைத்துவைத்த முகவரியைத் துருவும் அப்பா, ‘இப்ப எந்த புளோக்ல இருக்கீங்க கண்ணு? கீழே விளையாட்டு இடம் இருக்கா?’ என்று தேன் ஒழுகக் கேட்பதை ‘பிள்ளையுடன் சகஜமாகப் பேசினார்’ என்று எழுதிவைத்தால், நாம் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

அந்தக் கேள்வி தமிழில் கேட்கப்பட்டு, உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால்? இதுதான் என் இரண்டாவது வேலை. ‘ஆங்கிலத்திலேயே பேசுங்கள்’ என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா, மகளிடம் அரைகுறை ஆங்கிலத்தில் பள்ளி ஆசிரியை மாதிரி பேசிவிட்டுப் போகிறார். கொஞ்சவும் முடிவதில்லை, கோபிக்கவும் முடிவதில்லை. அதைப் பார்த்துவிட்டு ‘தாய் இறுக்கமாக இருந்தார்’ என்று வேறு எழுதுகிறோம்! மலாய், சீனம் பேசும் குடும்பங்களுக்கும் இதே கதை நடப்பதுண்டு.

கலிஃபோர்னியா நீதிமன்றங்களின் 5.20-ஆம் தரநிலை இதை நேராகவே சொல்கிறது: கண்காணிப்பவருக்குப் பெற்றோரின் மொழியும் பிள்ளையின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் 18 வயதைத் தாண்டிய, நடுநிலையான ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதாவது சித்தியையோ மாமாவையோ பக்கத்தில் உட்காரவைத்துச் சமாளிக்கக்கூடாது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் நமக்கு இது எட்டாக்கனி இல்லை. எந்த நிலையத்தில் யாருக்கு எந்த மொழி வரும் என்று ஒரு பொதுப் பட்டியல், நிலையங்களுக்குள் ஆட்களை இரவல் கொடுக்க ஓர் உடன்பாடு, தொண்டூழியர்களுக்கு முறையான பயிற்சி. தமிழ் பேசும் ஊழியர்கள் குறைவு என்பது தெரியும். குறைவாக இருப்பதால்தான் இரவல் கேட்கிறேன்.

மூன்றாவதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கண்காணிப்பு ஓர் இடைக்கால ஏற்பாடு. ஆபத்து குறைந்த குடும்பங்கள் ஒரு பெற்றோரிடமிருந்து மற்றவரிடம் பிள்ளையைக் கைமாற்றும்போது மட்டும் நாம் நிற்கும் நிலைக்கும், அங்கிருந்து நாம் தேவையே படாத நிலைக்கும் போக வேண்டும். எப்போது அடுத்த படிக்குப் போகலாம் என்று சொல்ல நமக்குள் பொதுவான அளவுகோல் வேண்டும். மாதர் சாசனத்தில் 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களில், மறுக்கப்பட்ட சந்திப்புக்கு ஈடாகக் கூடுதல் நேரம் கொடுக்கவும் வழி இருக்கிறது. நம் வார இறுதி அறைகள் இன்னும் நிறையத்தான் போகின்றன.

இத்துறைக்காரர்கள் வட அமெரிக்காவில் 1992-இல் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து, 2006-இல் நடைமுறைத் தரங்களை எழுதிக்கொண்டார்கள். இங்கே விவாகரத்து ஆதரவுச் சிறப்பு முகமைகள் 2015-இல் தொடங்கின. வட அமெரிக்கர்கள் எழுதியதை அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. தாத்தா பாட்டியும் சேர்ந்து வந்து நிற்கும் நம் குடும்பங்களுக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்தவர்கள் நாம்தான்.

கணக்கு வழக்கு எனக்கு அவ்வளவாக ஓடாது. பொருளாளராகக் கெட்டிக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

இதே பொறுப்புக்கு நிற்கும் மற்றவர்களும் மொழிப் பட்டியலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வாக்கெடுப்புக்கு முன் எழுதினால் நல்லது. நான் தோற்றாலும் பரவாயில்லை, பட்டியலைத் தொடங்கும்போது என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தமிழ், கொஞ்சம் மலாய்.

இப்படிக்கு,
உங்கள் சக ஊழியர்
சிங்கப்பூர்