அந்த ஒரு அறையின்ட ஏசிய மட்டும் நிப்பாட்டாதீங்க, சேர்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு சேர்மார், மிஸ்மாருக்கு,

போன போயா (பௌர்ணமி) லீவுல நடந்தது உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை பின்னேரம் ஏசி மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணிட்டாங்க, கீழ இருட்டறையில, விண்வெளிக் கமெராவில லைட்ட பிடிக்கிற எங்கட டிடெக்டர் டெஸ்ட்ல ஓடிக்கொண்டிருந்தது. திங்கக்கிழமை காலம நான்தான் கதவத் திறந்தன். 10 டிகிரில குளிரா வச்சிருந்த சாமான், கொழும்பு ஈரக்காத்து, சொல்லவா வேணும், கண்ணாடிக்கு மேல முத்து முத்தா தண்ணி நிக்குது. ஈரத்த உறிஞ்சட்டும் எண்டு பெட்டிக்குள்ள போட்ட சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஸ் கலராயிருந்தது. டிஷ்யூவால ஒத்தி எடுக்கவும் கை போகேல்ல, அவ்வளவு பயம்.

லைட்டே படாட்டியும் டிடெக்டருக்குள்ள சூட்டால கொஞ்சம் கரண்ட் ஓடும், டார்க் கரண்ட் எண்டுறது, ஆறேழு டிகிரி கூடினாலே அது இரண்டு மடங்காகிடும். விண்வெளில வேகமா வாற புரோட்டோன் துகள் அடிச்சா இன்னும் ஏறும். எவ்வளவு ஏறினது எண்டு சொல்ல, அடிக்க முதல் எவ்வளவு இருந்தது எண்டு அளந்திருக்கணும். புரோட்டோன அடிச்சுப் பார்க்கிற பீமுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினாப் பிறகு அந்தப் பழைய அளவ திரும்ப எடுக்கவே ஏலாது சேர். அதனாலதான் கேக்கிறம், மூணு நாளைக்கு அந்த ஒரு அறையின்ட ஏசிய நிப்பாட்டாதீங்க.

எங்கட சந்திரசேகரின்ட பேர் வச்ச சந்திரா விண்வெளித் தொலைநோக்கிக்கே 1999ல, மேல போய் கொஞ்ச நாள்லயே, பூமியச் சுத்தியிருக்கிற கதிர்வீச்சுப் பட்டைக்குள்ளால போகேக்க புரோட்டோன் வந்து சிசிடிகள் (கமெராவின்ட டிடெக்டர் சிப்புகள்) பழுதாகிட்டு. ஹபிளுக்குப் போன மாதிரி அங்க போய் மாத்த ஆளில்ல. பிறகு பட்டைக்குள்ள போற நேரமெல்லாம் கமெராவ ஃபோகஸ்ல இருந்து விலத்தி வச்சுத்தான் காப்பாத்துறாங்க. மேல போனாப் பிறகு வாற பழுத கீழயே கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்ட்.

கரண்ட் மிச்சம் பிடிக்கணும் எண்டது விளங்குது, 2022ல 13 மணித்தியால கரண்ட் கட்ட பார்த்த ஆக்கள்தான் நாங்களும். ஆனா ஆளே இல்லாத மீட்டிங் ஹோல் ஏசி பின்னேரம் முழுக்க ஓடேக்க இருட்டறைய நிப்பாட்ட எப்பிடி மனசு வருது? தனி பிரேக்கர் கேட்டு மூணு கடிதம் குடுத்தம், ஒண்டுக்கும் பதில் இல்ல. 2019ல எங்கட நாட்டின்ட முதல் செய்மதி ராவணா-1ஐ விண்வெளி நிலையத்தில இருந்து வெளிய விட்ட நேரம் நான் ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தன், அதப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கே வந்தன். மன்னிக்கணும், கோவத்தில எழுதிட்டன்.

வாற போயாவுக்கு திரும்ப டெஸ்ட் வைக்கிறம். பிரேக்கர் பிறகு பார்ப்பம், அந்த மூணு நாளும் அந்த ஏசி ஓடட்டும். தயவுசெய்து புதன்கிழமைக்கு முதல் ஒரு வரி பதில் போடுங்க, வாட்ச்சர் ஐயாட்டயும் ஒருக்கா சொல்லி விடுங்க.

இருட்டறையில வேலை செய்ற ஒரு ஆராய்ச்சி உதவியாளர்