பயணி தாமதமானால் பணம் போகும், பேருந்து தாமதமானால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நானும் என் நண்பர்கள் நால்வரும் அண்மையில் ஊட்டிக்குப் போய்வந்தோம். அந்தப் பயணத்தில் ஆம்னி பேருந்தின் தாமதத்தால் நேர்ந்ததை முன்வைத்து, போக்குவரத்துத் துறையின் கவனத்துக்கு ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுசெல்ல விரும்புகிறேன்.

பல நாள் திட்டமிட்ட பயணம் அல்ல அது. ஒரு வியாழக்கிழமை மாலை தேநீர் இடைவேளையில், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி செல்லும் மலை ரயிலில் சனிக்கிழமைக்கு இரண்டாம் வகுப்பில் ஐந்து இடங்கள் காலியாக இருப்பதை நண்பர் ஒருவர் செல்பேசியில் கண்டார். விடுமுறை நாளில் அந்த ரயிலில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை நீலகிரிப் பக்கம் போய்வந்தவர்கள் அறிவார்கள். யாரோ ரத்து செய்த இடங்களாக இருக்க வேண்டும். அப்போதே பதிவு செய்தோம். ஆளுக்கு 2,500 ரூபாய், அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று முடிவு செய்துகொண்டோம். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக எங்களிடம் மிஞ்சுவது அவ்வளவுதான்.

அந்த நண்பருக்கு இந்த ரயில் வெறும் சுற்றுலா இல்லை. அவருடைய தாத்தா குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை தொடங்குவதையும், நீராவி இயந்திரம் முன்னால் நின்று இழுக்காமல் பின்னாலிருந்து பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போவதையும் சிறுவயதில் கதைபோலக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்த 46 கிலோமீட்டர் பாதையில் ஒருமுறையாவது போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் காலை 7.10-க்குப் புறப்படும். அதைத் தவறவிட்டால் அன்று அங்கிருந்து வேறு வழக்கமான மலை ரயில் கிடையாது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்கு இணைப்பு வண்டி போன்றது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு வண்டிக்கான தட்கல் வியாழன் காலையிலேயே முடிந்துபோயிருந்தது. வேறு வழியின்றி, கிளாம்பாக்கத்தில் இரவு 8.30-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6 மணிக்கு மேட்டுப்பாளையம் சேரும் என்று செயலியில் போட்டிருந்த ஓர் ஆம்னி பேருந்தில் தலைக்கு 850 ரூபாய் கொடுத்துப் பதிவு செய்தோம். கைவசம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததால் கவலைப்படவில்லை.

எட்டு மணிக்கே கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். 8.40-க்கு "உங்கள் பேருந்து புறப்பட்டுவிட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. பேருந்து வரவே இல்லை. டிக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் பேசினால், "பெருங்களத்தூர் தாண்டியாச்சு சார், பத்து நிமிஷத்துல வந்துடும்" என்றார்கள். ஒன்பதரைக்கும் அதே பதில். பத்தரைக்கும் அதே பெருங்களத்தூர். அதன்பின் அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. வண்டி எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்ற உண்மையை ஒருவர் சொல்லியிருந்தால், அரசுப் பேருந்தில் கோவைக்கோ சேலத்துக்கோ ஏறி, அங்கிருந்து மாறியாவது போக முயன்றிருப்போம். பத்து நிமிடம், பத்து நிமிடம் என்று சொல்லியே அந்த வாய்ப்பையும் எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். கோவையில் மகள் வீட்டில் தங்கி, காலை 8 மணிக்கு அவருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஏற்பாடாகியிருந்தது. சொட்டு மருந்து விடும் நேரம் வந்ததும், அந்த அம்மா கணவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, செல்பேசி வெளிச்சத்தைப் பிடிக்குமாறு என்னிடம் கேட்டார். அந்த இரவில் மூன்று முறை அப்படிப் பிடித்தேன். மூன்றாவது முறை மருந்து விட்டபோது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது.

பேருந்து வந்தது 12.15-க்கு. மூன்றே முக்கால் மணி நேரத் தாமதம். வேறு ஊருக்குப் போன நடை தாமதமாகத் திரும்பியதாகவும், அதே வண்டியைக் கழுவிக்கூட விடாமல் அனுப்பியிருப்பதாகவும் கிளீனர் சொன்னார். அவரையும் ஓட்டுநரையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டு பேருமே கண் சிவந்துபோய் இருந்தார்கள். உறங்காத ஓட்டுநரிடம் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களை ஒப்படைப்பது தாமதத்தைவிடப் பெரிய குற்றம் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மறுநாள் காலை பெருந்துறையில் சாலையோரம் யாரையோ இறக்கிக்கொண்டிருந்தபோது மணி 7.10 ஆயிற்று. லோகோ ஷெட் தாத்தாவின் பேரன் செல்பேசியை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோவையில் அந்தப் பெரியவர் இறங்கியபோது மணி ஒன்பது. நாங்கள் மேட்டுப்பாளையம் சேர்ந்தது பத்து மணிக்குப் பிறகு. ரயில் கிளம்பிவிட்ட பிறகு அந்த ஐந்து டிக்கெட்டுகளுக்கும் ஒரு பைசாவும் திரும்ப வராது. அது ரயில்வேயின் தவறும் அன்று. அரசுப் பேருந்தில் நின்றுகொண்டு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஊட்டிக்குப் போனோம்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். அன்றிரவு பத்து மணிக்கு, போதும், டிக்கெட்டை ரத்து செய்துவிடுவோம் என்று செயலியைத் திறந்தோம். திரும்பக் கிடைக்கும் தொகை பூஜ்யம் என்று காட்டியது. புறப்படும் நேரம் 8.30 கடந்துவிட்டதாம். பேருந்து இன்னும் வந்து நிற்கவே இல்லை. ஆனால் பயணியின் பணத்தைப் பொறுத்தவரை அது புறப்பட்டுவிட்டது! ஊர் திரும்பியதும் எழுதிய புகாருக்கு, பயணம் நிறைவடைந்துவிட்டதால் பணம் திரும்பத் தர இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. பயணி ஐந்து நிமிடம் தாமதித்தால் இருக்கையும் போகும், பணமும் போகும். பேருந்து நான்கு மணி நேரம் தாமதித்தால் அதன் உரிமையாளருக்கு எந்த இழப்பும் இல்லை. இது எப்படி நியாயமாகும்?

ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், அது புறப்படுவதற்கு முன்பே டி.டி.ஆர். எனப்படும் பணம் திரும்பக் கோரும் விண்ணப்பத்தைப் பதிவு செய்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், மாற்று விமானமோ முழுப் பணமோ பயணி கேட்டுப் பெறலாம். ஆம்னி பேருந்துப் பயணியின் டிக்கெட்டில் மட்டும் ரத்துக் கட்டண அட்டவணை பொடி எழுத்தில் நீளமாக இருக்கிறது. தாமதத்துக்கான ஈடு பற்றி ஒரு வரியும் இல்லை. நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லைதான். ஆனால் 850 ரூபாய்க்காகச் சம்பளம் இழந்து பல நாள் அலைய எந்தத் தொழிலாளியால் முடியும்?

எனவே, ஆம்னி பேருந்துகளுக்கு ரத்து செய்யும் நேரம் அச்சிட்ட நேரத்திலிருந்து அல்லாமல், வண்டி உண்மையாகப் புறப்படும் நேரத்திலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணி விரும்பினால் முழுக் கட்டணமும் உடனே கணக்கில் திரும்பிச் சேர வேண்டும் என்றும் துறை விதி செய்ய வேண்டும். வண்டிகளில் இருக்கும் ஜி.பி.எஸ். காட்டும் உண்மையான நேரம் கிளாம்பாக்கத்தின் அறிவிப்புப் பலகையில் தெரியட்டும். புகார் சொல்ல வேண்டிய அரசு எண் டிக்கெட்டிலேயே அச்சாகட்டும்.

நீலகிரிக்கு வரும் வாகனங்களைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறையில் இருக்கிறது. சொந்த வண்டியைத் தவிர்த்துப் பேருந்திலும் ரயிலிலும் வாருங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். அடுத்த முறை வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம் என்று எங்களில் இருவர் இப்போதே சொல்கிறார்கள். அவர்களுக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

டிக்கெட், 8.40-க்கு வந்த குறுஞ்செய்தி, பத்து மணிக்குப் பூஜ்யம் காட்டிய செயலித் திரையின் படம் ஆகியவற்றின் நகல்களை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். துறை அதிகாரிகள் அழைத்தால் ஐவரும் நேரில் வந்து விவரம் சொல்லத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அம்பத்தூர், சென்னை.