குடிலில் ரயில் ஓடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் குடில்களில் பொம்மை ரயில் ஓடவிடுவதைக் கண்டித்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். குடில் செபிக்கும் இடம், பொருட்காட்சி இல்லை என்கிறார். பெத்லகேமில் ரயில் ஏது என்றும் கேட்கிறார். அதே வாரம் எங்களுக்குப் பக்கத்துப் பங்குக் கோயில் ஒன்றில் அன்பியங்களுக்கான (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்கள்) குடில் போட்டி அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். 'அசையும் பொம்மைகள், ரயில், கார் முதலியவை கூடாது' என்பது அதில் ஒரு விதி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வீட்டில் ஆண்டுதோறும் ரயில் ஓடும் குடில்தான் கட்டுகிறேன். அதனால் பதில் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

பெத்லகேமில் ரயில் இல்லைதான். நம் குடில்களில் இருப்பவற்றில் எத்தனை அங்கே இருந்தன? டிசம்பர் தொடங்கியதும் கேழ்வரகு விதைத்து முளைக்கவைத்து வயல் செய்கிறோம். முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி வாத்து விடுகிறோம். தென்னை மரம், ஓலைக் குடிசை, மாட்டு வண்டி, கிணற்றடியில் குடத்தோடு ஒரு பெண், எல்லாம் உண்டு. இவற்றை யாரும் தடுத்ததில்லை. தடுக்கவும் கூடாது. இயேசு நம் ஊரில் பிறந்ததாக நினைத்துத்தானே குடில் கட்டுகிறோம்.

1223-ல் அசிசி நகர் பிரான்சிஸ், இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் இதைத்தான் செய்தார். மலைக்குகை, வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை. சுற்றி நின்றவர்கள் தீப்பந்தம் ஏந்தி வந்த அந்த ஊர் ஜனங்கள். நேப்பிள்ஸில் சான் கிரெகோரியோ அர்மேனோ என்று ஒரு தெரு இருக்கிறது. குடில் பொம்மை செய்பவர்களின் தெரு. மீன் விற்பவர், பீட்சா சுடுபவர், மாரடோனா வரைக்கும் அங்கே குடிலுக்கென்று செய்து விற்கிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரெச்சோவுக்குப் போய், குடில் பற்றிய ஒரு மடலில் கையெழுத்திட்டார். நற்செய்தியோடு தொடர்பில்லாத உருவங்களைக் குழந்தைகளும் பெரியவர்களும் ஆசையாகக் குடிலில் சேர்ப்பதை அதில் பரிவோடு சொல்கிறார். ஆடு மேய்ப்பவர், கொல்லர், ரொட்டி சுடுபவர், தண்ணீர் சுமக்கும் பெண்கள், விளையாடும் பிள்ளைகள் என்று வரிசையாகப் பேர் சொல்லி, அன்றாட வாழ்க்கையிலும் புனிதம் இருக்கிறது என்கிறார். கொல்லருக்கு அங்கே இடம் உண்டென்றால் பிட்டருக்கும் உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் ஊர் எப்படி உண்டானது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. அதை இங்கே மாற்றியது 1928-ல். அதைச் சுற்றித்தான் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் வந்தன. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்ட குடும்பங்கள் நாங்கள். ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களைப் பழுது பார்ப்பதும், புதிதாகச் செய்து அனுப்பியதும் இதே ஒர்க்‌ஷாப்தான். வயலும் குளமும் ஒரு விவசாயி வீட்டுக் குடிலில் எப்படியோ, அப்படித்தான் எங்கள் வீட்டுக் குடிலில் தண்டவாளம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வரிசையில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் குடியிருந்தார். அவர் வீட்டுக் குடிலைச் சுற்றித் தகரத் தண்டவாளத்தில் ஹார்ன்பி ரயில் ஓடும். கரண்ட் எல்லாம் கிடையாது, சாவி கொடுத்து விடுவது. பச்சை இன்ஜின், பின்னால் இரண்டு பெட்டி. ஆளுக்கு ஒரு முறை சாவி திருகலாம். அதற்கு முன் பாலன் இயேசுவுக்கு எதிரே நின்று பரலோக மந்திரம் ஒன்று சொல்லியாக வேண்டும், அது அங்கிள் வைத்த சட்டம். சொல்லி முடித்ததும் ஆன்ட்டி கையில் ரோஸ் குக்கி வைப்பார். இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அந்த மந்திரத்தைத் தப்பில்லாமல் சொல்வார்கள். அந்தக் குடும்பம் பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. அந்த வராந்தாவில் நாங்கள் செபித்த அளவுக்கு வேறு எங்கும் செபித்திருக்க மாட்டோம். ரயில் இருந்தால் பக்தி போய்விடும் என்று எழுதிய வாசகர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ரயிலும் குடிலும் சேர்ந்த வழக்கம் அமெரிக்காவில் இன்னும் பலமாக இருக்கிறது. பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்றே ஓர் ஊர் உண்டு. 1741 கிறிஸ்துமஸ் முந்தின இரவில் அந்தப் பேரை வைத்தவர்கள் மொரேவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையார். இதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கினார்கள். பாசி, கல், மரக்கட்டையெல்லாம் சேர்த்து இயேசு பிறப்பைச் சுற்றி ஒரு நிலப்பரப்பையே அமைப்பது அவர்களுடைய வழக்கம். அப்புறம்தான் மின்சார பொம்மை ரயில் வந்தது. நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கவன் என்பவர் 1901 வாக்கில் செய்த முதல் ரயில் பிள்ளைகளுக்காகச் செய்ததே இல்லை. கடையின் கண்ணாடி ஜன்னலில் ஓடவிட்டு ஆட்களை நிறுத்துவதற்காகச் செய்தது. பார்த்தவர்கள் ரயிலையே விலைக்குக் கேட்டார்கள். பிறகு அது கிறிஸ்துமஸ் மரத்தடிக்கு வந்துவிட்டது. பால்டிமோர் நகரில் தீயணைப்பு நிலையங்களிலேயே டிசம்பரில் 'ரயில் தோட்டம்' என்று பொம்மை ஊரும் ரயிலும் அமைக்கிறார்கள், ஊரே போய்ப் பார்க்கிறது. அமெரிக்காவின் முதல் பெரிய ரயில்வே கம்பெனி பிறந்த ஊர் அது. ரயில்வே ஊர்க்காரர்கள் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாசகரோடு நான் ஒத்துப்போகிறேன். அமெரிக்காவில் பல வீடுகளில் இப்போது பனி மூடிய பீங்கான் கடைகளும் வீடுகளும் இருக்கின்றன, ரயில் இருக்கிறது, மாட்டுத் தொழுவம் இல்லை. அதை அப்படியே வாங்கி நம் வீட்டில் அடுக்குவது எனக்கும் பிடிக்கவில்லை. திருச்சி வெயிலில் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று தூவுவது எதற்கு? போதாததற்கு அந்தப் பஞ்சு இழை இன்ஜின் அச்சில் சுற்றிக்கொண்டால் மோட்டாரே போய்விடும்.

'பிள்ளைகள் ரயிலைத்தான் பார்க்கிறார்கள், பாலனைப் பார்ப்பதில்லை' என்று அவர் வருத்தப்படுவது நியாயமான வருத்தம். அதற்கு ரயிலை எடுத்துவிட வேண்டியதில்லை, வைக்கும் இடத்தைச் சரியாக வைத்தால் போதும். நம் சுரூபங்கள், அதாவது குடில் சிலைகள், அரை அடி உயரம். எச்ஓ என்கிற அளவு ரயில் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான் இருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சூசையப்பர் ரயிலை மிதித்துவிடுவார் போலத் தெரியும். அதனால் தொழுவத்தையும் பெரிய சுரூபங்களையும் முன்னால், தரை மட்டத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பின்னால் கொஞ்சம் சிறிய வீடுகள், அதற்கும் பின்னால் மலையடிவாரத்தில் இன்னும் சிறிய வீடுகள். ரயில் அந்தக் கடைசி வரிசையில் ஓட வேண்டும். அப்போது அது தூரத்தில் போகிற ரயிலாகத் தெரியும், அளவு உறுத்தாது. பிரவுன் பேப்பரைக் கசக்கி மலை செய்கிறோமே, அதற்குள் ஒரு குகை விட்டு, ரயில் உள்ளே போய்த் தொழுவத்துக்கு நேர் பின்னால் வெளியே வருகிற மாதிரி நான் வைத்திருக்கிறேன். உள்ளே போன ரயிலுக்காகக் காத்திருக்கிற பிள்ளையின் கண் அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? தொழுவத்தில்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் குனிந்து நிற்கிறார்கள். செபமாலை சொல்லும் நேரத்தில் ரயில் ஸ்டேஷனில் நிற்கும். 24-ம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து பாலனைத் தொட்டியில் கிடத்திய பிறகுதான் முதல் ஓட்டம். மூன்று ராஜாக்கள் திருநாளோடு பெட்டிக்குள் போய்விடும்.

முதல்முறை கட்டுகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். வட்டத்தின் நடுவிலிருந்து தண்டவாளத்துக்கு 18 அங்குலமாவது விட வேண்டும், ஆக ஒரு வட்டத்துக்கே நாலடிப் பலகை தேவை. சின்ன வீடு என்றால் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் 'என்' (N) என்கிற சிறிய அளவு ரயில் போதும், இரண்டடியில் வட்டம் முடிந்துவிடும். சென்னை ஐசிஎப் தொழிற்சாலையில் செய்கிற மாதிரியான நீளப் பெட்டிகள் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் எச்ஓ அளவில் அவை முக்கால் அடிக்கும் மேலே, குறுகிய வளைவில் மூலை வெளியே தள்ளி மலையை இடிக்கும். குட்டைப் பெட்டிகளே நல்லது. ரயிலை மலைமேல் ஏற்றப் பார்க்க வேண்டாம். ஊட்டி மலை ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம், அதற்குப் பற்சக்கரம் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். பொம்மை இன்ஜின் அதைவிடக் குறைந்த ஏற்றத்திலேயே திணறும். தண்டவாளத்தைச் சமமாக வைத்து, மலையை உயர்த்திக்கொள்ளுங்கள், பார்க்கிறவருக்கு மலை ரயிலாகவே தெரியும். குகைக்குப் பின்பக்கம் கை நுழைகிற ஓட்டை கட்டாயம் வேண்டும். தடம் புரள்வது எப்போதும் உள்ளேதான். கேழ்வரகு வயலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது தண்டவாளத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வைக்கோல் தூசி படிந்தால் கரண்ட் ஏறாமல் ரயில் விக்கி விக்கி ஓடும், வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் துணி கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்புதான் காரணம்.

இன்னொன்று. ரயில் ஓடுவது 12 வோல்ட்டில். டிரான்ஸ்பார்மரைக் குடிலுக்கு வெளியே, காற்றாட வைத்தால் ஆபத்து மிகக் குறைவு. உண்மையில் எனக்குப் பயம் தருவது நாம் எல்லோரும் போடுகிற சீரியல் செட்தான். காய்ந்த வைக்கோலும் ஓலையும் தெர்மாகோலும் இருக்கிற இடத்தில் 230 வோல்ட் ஒயரை அங்கங்கே வெட்டி, டேப் சுற்றி உள்ளே விடுகிறோம். இரவு முழுக்க எரியவிட்டுவிட்டுப் பூசைக்குப் போகிறோம். போட்டிக்கு விதி போடுகிறவர்கள் ரயிலை விட்டுவிட்டு இதற்கு விதி போடட்டும். குறைந்த வோல்ட் எல்இடி மட்டும், வீட்டில் ஆள் இல்லாதபோது சுவிட்ச் அணைத்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல். என் வேலை முழுக்கப் பாதுகாப்பு விதிகளோடுதான் கழிந்தது, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ரயில் குடில் பணக்காரர் வீட்டு விஷயம் என்றும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. வெளிநாட்டு ரயில் விலை அதிகம்தான். பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆகிவிட்டது. நம் ஊரில் செய்யட்டும் என்று போட்ட வரி, அது நல்லதுதான். செய்கிறவர்கள் நம் நீல நிறப் பெட்டியையும் ஊட்டி இன்ஜினையும் சின்ன வீட்டுக்கு ஏற்ற அளவில், கட்டுப்படியாகும் விலையில் செய்துதர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரைக்கும் திருவிழாக் கடையில் கிடைக்கிற பேட்டரி ரயில் போதும். சில நூறு ரூபாய்தான். அதன் பளபளப்பைக் கொஞ்சம் பழுப்புப் பெயின்டால் மங்கவைத்து, பிளாஸ்டிக் தண்டவாளத்தின் ஓரம் மணலை ஒட்டினால் பின்வரிசையில் வித்தியாசமே தெரியாது.

அந்தப் பங்கின் பொறுப்பாளர்கள் இதைப் படித்தால், விதியை இப்படி மாற்றலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: ரயில் இருக்கலாம், தொழுவத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது, செப நேரத்தில் ஓடக் கூடாது. அதோடு, வீட்டில் குடில் கட்ட வசதியில்லாத பிள்ளைகளுக்காகப் பங்கு மண்டபத்திலேயே ஒன்று கட்டினால் இன்னும் நல்லது. ஓய்வுபெற்ற ரயில்வே ஆட்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் பூசை முடிந்து நான் வரத் தயார். தண்டவாளமும் டிரான்ஸ்பார்மரும் என்னிடம் இருக்கின்றன. ஆறுக்கு நாலு அடியில் ஒரு பிளைவுட் பலகையும், ஆணி அடிக்க ஆசைப்படுகிற நாலைந்து பிள்ளைகளும் அங்கே இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர்,
பொன்மலை, திருச்சி - 4